நைனா பாய் கொண்டுவந்து வைத்த கறுப்புப் பெட்டி

நைனா முகம்மதுவைப் பார்த்தவுடனே நல்லவர் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். முகம் எப்போதும் கசாயம் குடித்த மாதிரி இருக்கும். மலேசியாவில், ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று யாராவது சொன்னால், "வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுவியா? சொல்லிட்டு உசுரோட இருக்கியா?" என்று கேட்பார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

அவரை எனக்கு முப்பது வருசத்துக்கும் மேலாகத் தெரியும். அவருடைய அத்தா சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் சைக்கிளில் துணி விற்றவர். மகன் காலத்தில் சைக்கிள் மோட்டார் சைக்கிளாகி, துணி வீடியோ கேசட்டாகிவிட்டது. பின் சீட்டில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அதுதான் பெரட்டு நேரம். பால்மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் நிற்க, வேலை வாங்கும் மண்டோர் ஒவ்வொருவரையும் நம்பரோடு பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள்கணக்கு எடுப்பார். தோட்டத்துச் சனம் மொத்தமும் ஒரே இடத்தில் நிற்பது அப்போது மட்டும்தான். நைனா பாய் வரிசைக்குள்ளேயே புகுந்து பழைய கேசட்டை வாங்கிப் புதியதைக் கொடுப்பார்.

"பாய், பெரட்டு முடியட்டும்லா!" என்று மண்டோர் கத்துவார்.

"நீ உன் ஆளக் கூப்பிடு, நான் என் கேசட்டக் கூப்பிடுறேன்."

அந்த மண்டோர்தான் என் கணவர் கனகராஜ். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். முப்பத்தொன்று, சரளா.

பிறகு ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். என் கணவர் லாரி ஓட்டினார். நைனா பாயும் ஈப்போவுக்கு வந்து சிடி, டிவிடி என்று படத் தட்டுகள் விற்கும் கடை போட்டார். ஆள்கள் தட்டு வாங்குவதை நிறுத்தியதும் அதே கடையைச் சாப்பாட்டுக் கடையாக்கினார். விற்காத தட்டுகளை எல்லாம் மாடியில் ஏற்றிவைத்தார். அவர் மனைவி குல்ஜார் பேகம் வெங்காய மூட்டை வைக்க இடமில்லை என்று வருசக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் காதில் வாங்கியதே இல்லை.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "பாத்ததெல்லாம் போதும், இனிமே கேட்டுக்கிறேன்" என்றார். நிஜமாகவே படத்தைக் கேட்கத்தான் செய்தார். டிவி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே படத்தில் யார் வீட்டைவிட்டுப் போகிறார்கள் என்று சொல்வார். நான் பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்கு அது தெரியாது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தினேஸ்வரி பெரிய டிவி ஒன்றை வாங்கிக் கொடுத்து, மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டுப் போனாள். "அம்மா, இனிமே எல்லாப் படமும் இதுலயே இருக்கு, அப்பாவுக்குப் போரே அடிக்காது" என்றாள். பெற்ற பிள்ளை பாசமாகச் செய்ததைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சனியன் என்னை வேலைக்காரி ஆக்கிவிட்டது.

ரிமோட்டில் நாலே பட்டன். மிச்சமெல்லாம் திரையைப் பார்த்து நகர்த்தவேண்டும். கண் தெரியாத மனுசன் எதைப் பார்த்து நகர்த்துவார்? "சரளா, படம் போடு." "சரளா, வேற என்னமோ ஓடுது, பாரு." நான் மீனைப் பாதி ஆய்ந்த கையோடு ஓடிவருவேன். நேற்று மேலே இருந்தது இன்று கீழே இருக்கும். யார் பார்ப்பது என்று கேட்கும். பேசினால் போடும் என்று மகள் சொன்னாளே என்று இவர் ரிமோட்டில் பேசிப் பார்த்தார். அது கேக் செய்வது எப்படி என்று காட்டியது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள், இந்த டிவி உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. சந்தா கட்டுகிற மகள் வேறு வீட்டில் இருக்கிறாளாம். அவள் போனுக்கு வரும் நம்பரைக் கேட்டு வாங்கி இங்கே போடவேண்டுமாம். அவளுக்குப் போன் அடித்தால் மீட்டிங் என்பாள். மீட்டிங் முடிவதற்குள் அந்த நம்பர் செத்துப்போகும்.

"பெத்தவன் குடும்பம் இல்லையாமா?" என்றார் இவர்.

"கம்பெனிக்காரன் சொல்றான், நான் சொல்லலைலா" என்றேன்.

கடைசியில் ஒரு படம்தான் அவரை உடைத்தது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது அவருக்கு, கால் வீங்கிவிடும். பாதி கேட்டுவிட்டு மறுநாள் மீதியைக் கேட்பார். அப்படி மறுநாள் போடப் போனால் படமே இல்லை. எடுத்துவிட்டார்களாம். எங்கே போனது என்று யாரைக் கேட்பது?

அதன் பிறகு அவர் டிவியைப் போடச் சொல்வதை நிறுத்திவிட்டார். அணைந்த டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சண்டை போடுகிற மனுசன் சும்மா உட்கார்ந்தால் வீட்டில் இருக்க முடியாது.

"நான்தான் போட்டுவிடுறேனே, என்ன இப்ப?" என்றேன்.

"சாப்பாடு நீ. குளிக்கிறதுக்கு நீ. மருந்து நீ. வாசலுக்குப் போறதுன்னாலும் நீ. ஒரே ஒண்ணாச்சும் உன்னையக் கூப்பிடாம நானாச் செய்யணும்லா. முடியாதுன்னா வேணாம்."

ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் தோசை கட்டிக்கொள்ளப் போனபோது நைனா பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கல்லாவில் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "சட்னி ரெண்டு கட்டு" என்று உள்ளே சத்தம் போட்டார், அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனால் அன்றிலிருந்து கடை மாடியில் ராத்திரியெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று குல்ஜார் பேகம் பின்னால் சொன்னாள். மனுசன் பெட்டி பெட்டியாகத் தட்டுகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தாராம். எல்லாம் முத்திரை ஒட்டிய அசல் தட்டு. திருட்டுத் தட்டு விற்றால் ரெய்டு வரும் என்ற பயத்தில் அந்தக் காலத்திலேயே அவர் தொட்டதில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கையில் செங்கல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டி. கூடவே கடைக் கல்லாவில் இருந்த நம்பர் பட்டன் பலகை.

"கனகு, இதுல எரநூறு படத்துக்கு மேல இருக்கு. இன்டர்நெட் லைன் வேணாம், சந்தா வேணாம், எவனும் வந்து புடுங்கிட்டுப் போமாட்டான். நம்பரத் தட்டி இந்தப் பெரிய பட்டன அமுக்கு, படம் ஓடும். அஸ்வான் அப்படிப் பண்ணிக் கொடுத்திருக்கான்." அஸ்வான் அவர் மகன்.

என் கணவர் பட்டன்களைத் தடவினார். ஐந்தாம் நம்பரில் ஒரு சின்ன மேடு இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு மற்ற நம்பர்களைப் பிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"எந்தப் படத்துக்கு எந்த நம்பரு, பாய்?"

நைனா பாய் பெருமையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எல்லாப் படத்தின் பேரையும் அகர வரிசையில் அழகாகத் தட்டச்சு செய்து நம்பர் போட்டிருந்தார். எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பாய்," என்றேன், "கண்ணு தெரியாதவர்கிட்ட தாளக் கொடுக்கிறீங்களே, தலைக்குள்ள என்ன, வெங்காய மூட்டையா?"

"நான் படிச்சுக் காட்டுறேன், அவன் மனசுல வெச்சிக்குவான்."

படித்துக் காட்டினார். முப்பது படத்தின் பேர் தாண்டுவதற்குள் என் கணவர் குழம்பிவிட்டார். காதல் படம் கேட்டுத் தட்டினால் சாமி படம் வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி தப்பு. பலகையை மடியிலிருந்து தள்ளிவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்க பாய். இதுக்கும் சரளாதான் வரணும். அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

நைனா பாய் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தனை நாள் கண் வலிக்க உட்கார்ந்து செய்தவர். எனக்கு என் புருசன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரொம்பத்தான் பண்றீங்க! தோட்டத்தையே அழிச்சாச்சு, இன்னும் தூக்கத்துல பெரட்டுக் கூப்பிடுறீங்க. அறுபது பேரு நம்பரும் வாயில நிக்குது, அறுபது படம் நிக்காதா?"

"அது எப்படிடி மறக்கும்? தெனம் கூப்பிட்டது. ஏழு, காளியம்மா. பதினேழு, சன்னாசி. இருபத்திரெண்டு, நல்லம்மாள்..."

சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். தள்ளிவிட்ட பலகையைக் கை தேடியது.

"பாய்," என்றார் மெதுவாக. "பதினேழுல சண்டைப் படத்தப் போடுங்க."

"ஏன்?"

"சன்னாசி யாருகூடத்தான் சண்டை போடல?"

நைனா பாய் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் அந்த ஆள்கள் எல்லாரையும் தெரியுமே, வரிசைக்குள் புகுந்து கேசட் கொடுத்தவர் ஆயிற்றே. தாளைக் கவிழ்த்துப்போட்டு இருவரும் ஆரம்பித்தார்கள்.

"காளியம்மாளுக்கு அழுகைப் படம். கேசட்டத் திருப்பிக் கொடுக்கும்போதே மூக்கச் சிந்திக்கிட்டுத்தான் வரும்."

"இருபத்திரெண்டுக்குச் சாமி படம் போடுங்க. நல்லம்மா பெரட்டுலயும் விபூதியோடதான் நிக்கும்."

"நாப்பது யாரு, சீனியா? அவன் கேசட்டே திருப்பிக் கொடுக்கலைலா! அவனுக்குத் திருடன் படம்தான்."

"பாய், இன்னுமா அந்தக் கேசட்ட நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"நல்ல பிரிண்டுடா அது."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "முப்பத்தொண்ணுல என்ன?"

இருவரும் ஒரே நேரத்தில், "பேய்ப் படம்" என்றார்கள். தேநீர் கிடையாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிறகு பெரிய கிளாஸாகவே கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அஸ்வான் நம்பர்களை மாற்றிக் கொடுத்தான். பெரட்டு வரிசை எப்படியோ அப்படியே அறுபது படம். மிச்சப் படங்களுக்கு ஆள் போதவில்லை. அதற்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். செய்தாலும் செய்வார்.

முதல்முறை அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பாசாருக்குப் போனேன். மீன்காரனிடம் பேரம் பேச மனம் ஓடவில்லை. கீழே விழுந்திருப்பாரோ, என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாரோ என்று அரைகுறையாக வாங்கிக்கொண்டு வேகமாக வந்தேன். வேலிக் கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. வாள் சண்டை. குதிரை. யாரோ சவால் விடுகிறார்கள்.

உள்ளே போய்ப் பிளாஸ்டிக் பையைக் கீழே வைத்தேன்.

"யாரு?"

"நான்தான். வேற யாரு வருவா?"

"பைய மெதுவா வையி. முக்கியமான எடம்."

"ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். நீ உன் வேலையப் பாரு."

அந்த மனுசன் என்னை இப்படி விரட்டி எத்தனை காலம் ஆயிற்று! அடுப்படிக்குப் போய் மீனைக் கழுவினேன். முழு மீனையும். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். நன்றி என்று சொன்னால் நைனா பாய்க்கு ஆகாது, எனக்கும் வாயில் வராது. காலையில் வாங்கிய மீனில் குழம்பு வைத்து ஒரு சட்டியில் எடுத்துப்போய்க் கல்லாவில் வைத்தேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. பட்டன் பலகை எங்கள் வீட்டில் இருப்பதால், அவர் ஒரு பழைய கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடுதா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"ஓடுது. நான் வீட்டுக்குள்ள நடந்தா, சத்தம் போடாத, வெளிய போங்கிறாரு."

"அப்ப நல்லாத்தான் ஓடுது" என்று சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "உப்புப் போட்டியா?"