கனடாக்காரனின் விரதத் தாடி

எங்கள் வீட்டில் சாமியறைக்கு அடுத்தபடியாகக் கும்பிடப்பட்ட இடம் ஐஸில் சறுக்கி விளையாடுகிற ஒரு றிங்க் என்று சொன்னால் என் சிநேகிதர்கள் நம்புகிறார்கள் இல்லை. நாங்கள் சிட்னியின் டூங்கபியில் வாடகை வீட்டில் இருந்த காலம் அது. நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். முருகன் அறிய, இதில் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொழும்பில் பிரிட்ஜ், ஏசி திருத்தியவர். அந்தக் கைத்தொழில்தான் அவரை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டி வந்தது. மேற்குச் சிட்னியில் றிங்க் வைத்திருந்த ஒரு முதலாளி, தரையை உறைய வைக்கிற இயந்திரங்களைப் பார்க்க ஆள் வேண்டுமென்று அவரை எடுத்திருந்தார். விசா அந்த வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையோடு காத்திருந்த மாமி வரவே முடியாது. மாமா தன் மகளைப் போன் திரையில் மட்டும்தான் கண்டிருந்தார். அவரைக் கண்டதும் அவள் போனை நக்குவாள். மாமா இங்கே இருந்து கன்னத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த றிங்க்குக்கு ஓர் ஐஸ் ஹொக்கி அணி இருந்தது. சறுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வளைந்த தடியால் கறுப்பு றப்பர் வட்டொன்றை எதிராளியின் வலைக்குள் அடிக்கிற விளையாட்டு. எங்கள் அணி ஒவ்வொரு வருஷமும் கடைசியாக வரும். முதலாளிக்கு அலுத்துவிட்டது. இந்த முறை கப் வராவிட்டால் றிங்க்கை விற்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். ஆகவே, எங்களில் ஒருவருக்கும் விளங்காத ஒரு விளையாட்டில், எங்களுக்குத் தெரியாத சில வெள்ளைக்காரர் வெல்ல வேண்டுமென்பது எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் ஆகிவிட்டது.

நேர்த்தி என்று வந்தால் அப்பாவிடம் விட்டுவிடலாம். அப்பாவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. திருநீறு இல்லாமல் அவர் நெற்றியைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. எங்களை ஒரு நாளும் அதட்டியதில்லை. அந்த இலாகாவை அம்மா பார்த்துக்கொண்டார். சுவரில் உள்ளங்கை அளவு சிலந்தி வந்தால் நானும் அம்மாவும் கதிரையில் ஏறி நின்று அலறுவோம். அப்பா அதைக் கிளாசால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, பின்வளவுத் தேசிமரத்தடியில் கொண்டுபோய் விட்டு, “போயிட்டு வாரும்” என்று மரியாதையாக வழியனுப்புவார். தெருவில் பொலிஸ் கார் நின்றால்கூட அப்பா தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கத்தால் போவார். அவ்வளவு சாதுவான மனுசன் என்று நான் நினைத்திருந்தேன்.

பருவத்தின் முதல் ஆட்டத்தன்று, ஐஸை வழித்து மினுக்குகிற பெரிய வண்டி புதிதாக வந்திருந்தது. அதை ஓட்டுவதும் மாமாதான். புது வாகனத்தைச் சும்மா எடுக்கலாமா? அப்பா எங்கள் மரத்துத் தேசிக்காய்களோடு போய், வண்டியின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்தார். மாமா வண்டியை எடுக்க, தேசிக்காய்கள் சப்பென்று நசிந்தன. அன்றைக்கு எங்கள் அணி வென்றது.

இதையெல்லாம் ஒருவன் கதவோரம் நின்று பார்த்திருக்கிறான். கோல் காக்கிறவன். கனடாவிலிருந்து சம்பளத்துக்கு விளையாட வந்தவன், வாசல் நிலையில் தலை முட்டுகிற உயரம், முன்பல் இரண்டும் இல்லை. கனடா என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “ஸ்காபரோவோ? எங்கடை பெரியப்பான்ரை மகன் அங்கைதான்.” அவனுக்கு அந்தப் பெரியப்பாவின் மகனைத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு முன் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து நீட்டி, வண்டிக்கு வைத்ததைத் தனக்கும் வைக்கச் சொன்னான். அப்பா வைத்துவிட்டார். அன்றைக்கும் வெற்றி. பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேசிக்காய், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொட்டு. தோற்றதும் உண்டுதான், ஆனால் வென்றதுதான் கூட. எங்கள் மரத்தில் காய் தீர்ந்து, பிளாக்டவுன் கடையில் வாங்க வேண்டி வந்தது.

கடைசிக் கட்ட ஆட்டங்கள் நெருங்கியபோது அணியில் எல்லாருக்கும் தாடி முளைத்தது. அப்பா மாமாவைக் கேட்டார்.

“கப் எடுக்கும் மட்டும் வழிக்க மாட்டினமாம் அத்தான். அது அவையின்ரை வழக்கம்.”

“அப்ப விரதம் எண்டு சொல்லு, மச்சான்.”

மாமா தலையைச் சொறிந்தார். “ஓம்... அப்பிடியும் சொல்லலாம்.”

அவ்வளவுதான். அப்பாவின் கண்ணில் அந்த வெள்ளைக்காரர் எல்லாரும் சாமிமார் ஆகிவிட்டார்கள். விரதகாரர் மச்சம் மாமிசம் சாப்பிடலாமா என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கனடாக்காரனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கடையில் உறைந்து கிடந்த வாழையிலையை அம்மா வெந்நீரில் போட்டு விரித்தெடுத்தார். இத்தனை பெரிய உடம்பு நிலத்தில் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இரண்டு காலையும் றப்பர்போல இரண்டு பக்கமும் விரித்து, அலுங்காமல் இலைக்கு முன்னால் இறங்கினான். கோல் காக்கிறவர்களுக்குக் கால் அப்படித்தானாம். வடையைத் தின்றான், ரசத்தைக் குடித்தான், முழங்கை வரை வழிய விட்டான்.

“பாவம், முறுக்குத்தான் அவனாலை ஏலாது” என்று அம்மா குசினிக்குள் நின்று வருத்தப்பட்டார்.

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் நான்தான். அந்தத் தாடி எந்தச் சாமிக்கு என்று கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டேன். அவன் மெல்லுவதை நிறுத்தி யோசித்தான். பிறகு, தன் அணிப் பெடியங்களுக்காக என்றான். அப்படியே சொன்னேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கென்று வைக்காமல் மற்றவர்களுக்காக வைக்கிற விரதம்தான் விரதம் என்றார். அன்றைக்கே தானும் தாடி வழிப்பதை நிறுத்தி, வெள்ளிக்கிழமைகளில் பட்டினியும் கிடக்கத் தொடங்கினார். கப் வந்தால் மேய்ஸ் ஹில் முருகனுக்கு மொட்டை என்று நேர்ந்துகொண்டார். அடுத்த ஞாயிறு, கோயிலில் கும்பிட வந்த ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது.

கடைசி ஆட்டம் மெல்பேர்னில். விடியற்காலை புளிச்சோறு கட்டிக்கொண்டு எங்கள் வான் வண்டியில் புறப்பட்டு, பகல் முழுக்க ஓடினோம். வழியில் எங்காவது நிறுத்தினால் மாமா இறங்க மாட்டார். போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். “கப் வெண்டா மாமியும் பிள்ளையும் வருவினம், என்னம்மா?” என்று நான் கேட்டதற்கு அம்மா, “வாயை மூடிக்கொண்டு கும்பிடு” என்றார். அங்கே ஐஸ் வழிக்கிற வண்டி எங்களுடையதல்ல. அதன் சில்லுக்குத் தேசிக்காய் வைக்க விடமாட்டார்கள். அப்பாவுக்கு அது ஒரு குறை. கனடாக்காரனின் தலைக்கவசத்தில் குங்குமத்தைக் கொஞ்சம் கூடவே அப்பினார்.

நாங்கள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி முன்வரிசையில் இருந்தோம். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான். மாமா எழுந்து நின்றபடியே கந்தசஷ்டி முணுமுணுத்தார்.

அப்போதுதான் எங்கள் அணியின் கடைக்குட்டிப் பெடியன் எங்களுக்கு நேரே முன்னால் விழுந்தான். இன்னும் ஒழுங்காகத் தாடி முளைக்காத பெடியன். எதிர் அணிக்காரன் ஒருவன் அவனைத் தடுப்போடு மோதி விழுத்தி, தலைக்கவசம் கழன்று ஓட, மேலே ஏறி இருந்து குத்தத் தொடங்கினான். பெடியன் திருப்பி அடிக்கவில்லை. முழங்காலை நெஞ்சோடு மடித்து, இரண்டு கையாலும் பின்தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். மற்றவன் குத்திக்கொண்டே இருந்தான். நடுவர் அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு பேரைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த சனம் கைதட்டியது. விளையாட்டு என்றுதானே கூட்டி வந்தார்கள்?

ஐஸின் மற்றத் தொங்கலில் இருந்து எங்கள் கனடாக்காரன் வந்தான். கோல் காக்கிறவன் கோலை விட்டு வரக் கூடாது. வந்து சண்டை பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அது எனக்கே தெரியும். மாமா இரண்டு கையையும் உயர்த்தி, “வராதை! ஐயோ, கோலை விட்டிட்டு வராதை!” என்று தமிழில் குளறினார். அவன் நிறுத்தவில்லை. கையுறைகளைக் கழற்றி எறிந்துகொண்டே ஐஸ் முழுவதும் கடந்து வந்து, அந்த ஆளைப் பெடியன் மேலிருந்து இழுத்தெடுத்துக் குத்தினான். எங்கள் இலையில் சோறு சாப்பிட்ட அதே கை. வெள்ளை ஐஸில் சிவப்பாகத் தெறித்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினார், ஆனால் விரல்களுக்கிடையில் எல்லாம் தெரிந்தது.

“அடி!”

யாரோ பக்கத்தில் கத்தினார்கள். நான் திரும்பினேன்.

“அடியடா அவனை! விடாதை! அடி!”

அப்பா. இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் அறைந்து கத்திக்கொண்டிருந்தார். திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத ஒரு சொல்லை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து அம்மாவிடம் வாய்க்கு அடி வாங்கிய சொல்லை, அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். குரலும் அவருடைய குரலாக இல்லை. மாமாகூட ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். “அத்தான், அவனை வெளியிலை அனுப்பிப் போடுவாங்கள், அத்தான்” என்று கையைப் பிடித்தார். அப்பா உதறிவிட்டார். மாமியும் பிள்ளையும் வருவதற்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் பட்டினி கிடந்த மனுசன், அவர்களின் வரவைக் கெடுக்கிற அடியை அடி அடி என்று கேட்டு நின்றார்.

கனடாக்காரனை வெளியேற்றினார்கள். கோலுக்குப் பதிலாள் ஒருவன் நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். பிறகு என்ன நடந்ததென்று எனக்குச் சரியாகத் தெரியாது. வெற்றிக் கோலை யார் அடித்தார், எப்படி அடித்தார் என்று மாமா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். நான் அதைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் துள்ளி எழும்ப, மாமா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ, அப்பா மட்டும் கதிரையில் இருந்து தன் சிவந்த உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளைக்கு முன்னாலை இதென்ன கூத்து?” என்றார் அம்மா, வானில் ஏறும்போது.

“நான்தான் விரதத்தை முறிச்சுப்போட்டன்” என்றார் அப்பா.

முறித்தாரோ இல்லையோ, கப் வந்துவிட்டது. றிங்க் விற்கப்படவில்லை. மாமாவின் விசா நிலைத்தது. கொஞ்சக் காலத்தில் மாமியும் வந்து இறங்கினார். மகளுக்கு மாமா நேரில் பிடிக்கவில்லை. போனைக் காட்டச் சொல்லி அழுதாள்.

நேர்த்தி நேர்த்திதானே. கோயிலில் அர்ச்சனை முடிந்து எங்கள் பின்வளவில் மொட்டை. தேசிமரத்தடியில் கதிரை போட்டு அப்பா இருந்தார். மாமா மெஷினைப் பிடித்தார். கனடாக்காரனும் வந்திருந்தான். அணியில் மற்றவர்கள் கப்போடு படம் எடுத்த அன்றே தாடியை வழித்துவிட்டார்கள். இவன் மட்டும், அப்பாவோடு சேர்ந்துதான் எடுப்பேன் என்று வைத்திருந்தான். ஒரு கண் இன்னும் நீலமாக வீங்கியிருந்தது.

அப்பாவின் தலைமயிர் உதிர உதிர, பின்தலையில் ஒரு தழும்பு தெரியத் தொடங்கியது. காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வரைக்கும், கோணலாக, அகலமாக. எனக்கு அது புதிதல்ல. ஊரில் சண்டை நடந்த காலத்தில் சைக்கிளால் விழுந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். கனடாக்காரன் கிட்ட வந்து குனிந்தான். தன் தடித்த விரலால் அந்தத் தழும்பைத் தொட்டான். அப்பா அசையவில்லை. மாமா மெஷினை நிறுத்தினார்.

இது என்ன என்று அவன் என்னைத்தான் கேட்டான். நான் பெருமையோடு சொன்னேன்: அப்பா சைக்கிளால் விழுந்தவர்.

அவன் தழும்பின் நீளத்துக்கு விரலை ஓட்டினான். பிறகு, அது பெரிய சைக்கிளாகத்தான் இருந்திருக்கும் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோய் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் தம்பி” என்றார். “கனபேர் ஏறி வந்த சைக்கிள்.”

அதையும் நான் ஒரு சொல் பிசகாமல் இங்கிலிஷில் சொன்னேன். அவன் தலையாட்டினான். மாமா ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சைக்கிளில் அத்தனை பேர் எப்படி ஏறியிருப்பார்கள், யார் கைபிடியில், யார் பின்கரியரில் என்றுதான் அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.