பின்னால் வருபவர் பேச்சைக் கேட்க வேண்டாம்

1. முதல் நாள்

மூணாறு கடைத்தெருவில் அந்தோணி அண்ணனின் மைக் செட் கடையில் நான் சேர்ந்த முதல் நாள், ஒரு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி அறிவிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். கடையின் பின்புறம் பழைய மெத்தைகளைச் சுவரெங்கும் சாத்தி ஒலிப்பதிவு அறை அமைத்திருந்தார். நான் தமிழ் இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் வருகைப் பதிவின்போதுகூட என் குரல் இரண்டாம் பெஞ்சைத் தாண்டியதில்லை. இருந்தும், அறிவிப்பு என்றால் கத்த வேண்டும் என்று எண்ணிக் கத்தினேன்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார்.

“என்ன தாயி, கால்ல பஸ்ஸ ஏத்திட்டானா?”

“இல்லண்ணே, அனௌன்ஸ்மென்ட்…”

“கத்துறது குழாய் ஸ்பீக்கரோட வேல. அதுக்குத்தான் கரண்டு குடுக்கேன். நீ பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்றாப்புல சொல்லு.”

அப்படியே சொன்னேன். சில மாதங்களில் தேயிலை எஸ்டேட்டுகளில் என் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரிந்திருந்தது. தேநீர்க் கடையில் என் அருகிலேயே அமர்ந்து, “அந்த மைக் செட்டுப் புள்ள நல்லா நிதானமாச் சொல்லுது” என்று பேசிக்கொண்டார்கள். நான் வடையைத் தின்று முடித்து எழுந்துவந்தேன். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2. சொல்லாமலே புரிந்த உத்தரவு

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் யூனியன் தலைவர் பால்பாண்டி தம் மனைவி ஜெயராணியை நிறுத்தினார். அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவர் முத்துலட்சுமி அக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கும் தொழிலாளி. மேல் லயத்தில், அதாவது சரிவின் உச்சியில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். குழாய்த் தண்ணீர் கீழ் லயத்தோடு நின்றுவிடுகிறது. மேல் லயத்துப் பெண்கள் நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று வேலை செய்துவிட்டு, பிறகு குடத்தோடு ஏற வேண்டும். குழாயை மேலே நீட்டித் தாருங்கள் என்று தலைவரிடம் பலமுறை கேட்டார்கள். “பாத்துக்கலாம்” என்ற பதில் மட்டுமே கிடைத்தது. ஆகவே, பார்த்துக்கொள்ளத் தாமே போவதென்று அக்கா முடிவு செய்திருந்தார்.

தலைவர் கடைக்கு வந்தார். பெஞ்சில் இடம் இருந்தது. ஆனாலும் அமர்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எழுந்திருங்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“அந்தோணி, இந்தத் தேர்தலுக்கு இந்தப் புள்ள குரலு நம்ம வண்டிக்கு மட்டும் போதும்.”

“தலைவரே, கடைன்னா நாலு பேரு வருவாக…”

“வரட்டும்யா. கல்யாணத்துக்கு வரட்டும், சடங்குக்கு வரட்டும். வேணாம்னா சொன்னேன்?”

அவர் மிரட்டவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. யூனியன் கூட்டங்களும் எஸ்டேட் திருவிழாக்களும் அவர் சொல்லும் கடைக்குத்தான் போகும். ஜீப் ஸ்டாண்டும் அவருடைய யூனியனைச் சேர்ந்ததே.

அன்று மாலையே முத்துலட்சுமி அக்கா வந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“குரலு புக்காயிருச்சுக்கா.”

“சரி. ஜீப்பு?”

“அது எங்கிட்ட இல்லக்கா. ஸ்டாண்டுல…”

“ஸ்டாண்டுலயும் கேட்டுட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே நாள்ல பிரேக்கு போயிருச்சாம்.” அக்கா சிரித்தார். “போகட்டும். காலு இருக்குல்ல. அதுக்கும் யூனியன் இருக்கா?”

புறப்படும்போது என்னிடம் ஒன்றைக் கேட்டார். “ஒங்க குரலு எங்க லயத்துக்கு எப்ப வரும் தாயி?”

சாயங்காலம், கொழுந்து எடை போட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகு என்றேன். ஊருக்கே தெரிந்த செய்திதான் அது.

3. வாசல்வரை

சென்ற தேர்தலில் எல்லோரும் அடுப்படியில் இருந்தபடியே அறிவிப்பைக் கேட்டார்கள் என்பது தலைவரின் குறை. “ஆளுக வெளிய வரணும். அப்படி எழுது” என்றார். எழுதினேன்: ‘அன்பார்ந்த தாய்மார்களே, ஒரு நிமிடம் வாசலுக்கு வாருங்கள். உங்கள் வேட்பாளர் உங்களைக் காண வந்திருக்கிறார்.’

மக்கள் வாசலுக்கு வந்தார்கள். முன்சீட்டில் அமர்ந்திருந்த ஜெயராணி அக்கா கும்பிட்டார். ஜீப் அடுத்த லயத்துக்கு நகர்ந்தது. வந்தவர்கள் வீட்டுக்குள் திரும்பும் முன்பே, வளைவிலிருந்து முத்துலட்சுமி அக்கா இரண்டு பெண்களோடு நடந்துவந்து சேர்ந்தார். கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. குழாய் ஸ்பீக்கர் ஓய்ந்த அமைதியில் சாதாரணக் குரலே எல்லோருக்கும் கேட்டது. தண்ணீரைப் பற்றிப் பேசினார். குடத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த வளைவுக்கு ஜீப்பின் பின்னால் நடந்தார்.

இது தெரியவந்த அன்று அந்தோணி அண்ணன் மெத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

“அவரு ஆளக் கூட்டுதாரு, இந்தம்மா பேசுது! நமக்கு எதுவுமே தெரியாது தாயி. நம்ம வேல வாசல்வரைக்குந்தான்.”

4. தலைவர் சேர்த்த வரி

பிரசாரம் முடிவதற்கு முந்தைய நாள் தலைவர் மறுபடி வந்தார். இம்முறை அமரவில்லை.

“கடைசில ஒரு வரி சேரு. ‘இந்த வாகனத்துக்குப் பின்னால் வருபவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.’ அவ்வளவுதான்.”

கேட்காமல் கருத்துச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் மொழி என் பாடம். சும்மா இருக்க முடியவில்லை.

“தலைவரே, இப்படிச் சொன்னா, யாரு வாறாங்கன்னு பாக்கத் தோணும்.”

“நான் சொன்னாத் தோணாது.”

பதிவு செய்தேன்.

மறுநாள் ஆம்ப்ளிஃபையர் சூடேறி மக்கர் செய்ததால், அதைக் கவனிக்க என்னையும் வண்டியில் அனுப்பினார்கள். பிரசாரம் அதுவரை போகாத கடைக்கோடி லயம் ஒன்றில் ஜீப் நின்றது. என் குரல் வழக்கம்போல் எல்லோரையும் வாசலுக்கு அழைத்தது. பிறகு, பின்னால் வருபவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்றது.

பாதிச் சடை பின்னியபடி நின்ற ஒரு பெண் பக்கத்து வாசலைப் பார்த்தார்.

“யாருடி வாரா?”

“தெரியலக்கா. கேக்கக் கூடாதாம்ல.”

“அப்படியா? அப்பக் கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்.”

அதுவரை வெளியே வராத வீடுகளின் கதவுகளும் திறந்தன. ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டு வரும்படி உள்ளே குரல் கொடுத்தார். இன்னொருவர் நாற்காலியோடு வந்தார். ஜீப்பை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்களும் வளைவில் இருந்தன.

முன்சீட்டிலிருந்து ஜெயராணி அக்கா என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டார்.

“ஏ புள்ள, அவ அவ்வளவு நல்லாவா பேசுதா? நாமளும் எறங்கிக் கேப்போமா?”

நான் சிரித்துவிட்டேன். ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்கக் கையில் வைத்திருந்த மைக் திறந்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை. அவருடைய கேள்வியும் என் சிரிப்பும் குழாய் வழியே மலைச்சரிவு முழுவதும் கேட்டன. லயமே சிரித்தது. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஜெயராணி அக்கா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். வளைவில் வந்து நின்ற முத்துலட்சுமி அக்காவுக்கு விஷயம் புரியவில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு தம்மை வரவேற்பதைக் கண்டு, புடவையில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

5. வென்ற பிறகு

முத்துலட்சுமி அக்கா வென்றார். தலைவர் இனி எங்கள் கடைப் பக்கம் வரமாட்டார் என்றே அண்ணன் பயந்தார். வந்தார்.

“ஏ புள்ள, அந்தக் கடைசி வரிய எழுதுனது யாரு?”

“நீங்க சொன்னீங்க, தலைவரே.”

பெஞ்சில் அமர்ந்தார். “சொன்னேன்ல… ஜெயராணியும் அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.” பிறகு அண்ணனிடம் திரும்பினார். “புது மெம்பருக்கு யூனியன் சார்பா வரவேற்பு வைக்கணும். பெரிய செட்டாப் போட்ரு.”

அதிகாரம் எவ்வளவு விரைவாகத் தன் இருக்கையை மாற்றிப் போட்டுக்கொள்கிறது என்பதை அப்போது நேரில் கண்டேன். பட்டப் படிப்பில் சமூகவியலைத் துணைப்பாடமாகப் படித்தேன். கீழ்ப்படிய வைப்பது ஆற்றல், மனம் ஒப்பி ஏற்கச் செய்வது அதிகாரம் என்ற வேறுபாட்டைத் தேர்வில் மனப்பாடமாக எழுதியிருந்தேன். தலைவரால் என் குரலையும் ஜீப்புகளையும் முத்துலட்சுமி அக்காவுக்குக் கிடைக்காமல் செய்ய முடிந்தது. யார் பேச்சைக் கேட்பது என்ற முடிவு மட்டும் வாசலில் நின்றவர்களிடமே இருந்தது. அதை அவர்கள் அன்றாடம் அவருக்கு விட்டுக்கொடுத்துவந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அறிவிப்பு எழுத வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: மக்களை வாசல்வரை அழைக்கலாம். அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை யோசியுங்கள்.

மெம்பரான பின் முத்துலட்சுமி அக்கா கிராமசபைக்கு அறிவிப்புக் கொடுக்க வந்தார். ‘அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு மெம்பரின் உரையைக் கேட்க வேண்டும்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

“கேக்கணுங்கிறத எடுத்துரு தாயி. வாங்கன்னு மட்டும் சொல்லு. வந்தவுக பேசட்டும், நான் கேக்கேன்.”

எடுத்துவிட்டேன். கூட்டத்தில் எஸ்டேட் பள்ளிக்கூட அறை நிரம்பி, வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். மேல் லயத்துக் குழாய்தான் முதல் தீர்மானம். கைகள் உயர்ந்தன, நிறைவேறியது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவரிசையில் அமர்ந்திருந்த பால்பாண்டி நெடுநேரம் பொறுத்திருந்தார்; பிறகு, தமக்குப் பழக்கமில்லாத காரியமாகக் கையை உயர்த்தி அனுமதி கேட்டார்.

அக்கா மைக்கை அவர் பக்கம் கொடுத்தனுப்பினார்.

“சொல்லுங்க தலைவரே, கேக்குறோம்.”