கொட்டாத தட்டுகள்

தேவதர்ஷினிக்குப் பிடிவாதம் தாய்வழிச் சொத்து. தாய் கங்கையம்மாள் கோவளத்தில் மீன் எடுத்து முடிச்சூர்த் தெருக்களில் விற்பவள். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். மகள் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது என் வேலை. அவளுடைய நாலு வருடப் பாட்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

ஆராய்ச்சியை எனக்கே விளங்கும்படி சொல்லியிருக்கிறாள். செல்லுக்குள் உண்டாகும் புரதம் சின்னச் சின்னப் பைகளில் ஏறி, செல்லின் ஓரத்துச் சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட புரதம் பிறவியிலேயே கொஞ்சம் கோணல், பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகளுக்கு நோய் வருகிறது. அதை எப்படியாவது ஓரத்துக்கு அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. அவள் என்ன செய்து பார்த்தும் அது அசையவில்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. காலையில் நாங்கள் வந்தபோது செல் வளர்க்கும் சூட்டுப் பெட்டி ஆறிக் கிடந்தது. பெட்டி ஆறினால் உள்ளே செல் வளரும் தட்டுகளைக் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்ற மாணவர்கள் கொட்டினார்கள். இவள் மட்டும் தன் தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். பச்சையாக மின்னும்படி அவள் செய்திருந்த அந்தப் புரதம் செல்லின் ஓரம் முழுக்க நின்றது!

"ஓரத்துக்குப் போய்ட்சுக்கா! பாரேன்!" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியர் மோகன்ராஜ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கெட்டுப்போன தட்டும்மா அது. இது லேப், மீன் மார்க்கெட் இல்ல. ரிவ்யூல இதக் காட்டினா நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவர் கையெழுத்து இல்லையென்றால் நாலு வருடமும் வீண். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

"போடாதீங்க சார்" என்றாள் அவள்.

வெளியிலிருந்து தேர்வாளர் வந்து ஆராய்ச்சியைப் பார்க்கும் அந்த ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருந்தது. சூட்டுப் பெட்டியை வேண்டுமென்றே வழக்கமான முப்பத்தேழிலிருந்து முப்பது டிகிரிக்கு இறக்கி, மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் புரதம் ஓரத்துக்கு வந்தது.

ரிவ்யூ அன்றைக்கு டீ கொடுக்கப் போன நான் கதவோரமே நின்றுவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு கேட்டார், "எல்லாரும் கொட்டினப்போ நீ மட்டும் ஏன் கொட்டல?"

தேவதர்ஷினி மோகன்ராஜைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"ஐஸ் கரைஞ்சிட்சின்னு எங்கம்மா மீனக் கொட்ட மாட்டாங்க மேடம். ஒவ்வொண்ணா செவுளத் தூக்கிப் பாப்பாங்க. நான் மீன் மார்க்கெட்லேர்ந்து வந்தவ."

தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை மோகன்ராஜ் பக்கம் தள்ளினார். மோகன்ராஜோ சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போய், "இந்தாங்க சார்" என்று என் பேனாவை நீட்டினேன்.