நீலப் புள்ளி

என் மனைவி நான் இல்லாமல் வெளியூர் போனதே இல்லை. அடையாறில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மதுரைக்கு வேன் பிடித்தபோது, “நானும் போயிட்டு வரேங்க” என்றாள். பெரிய மனதோடு சரி சொல்லிவிட்டு, ஸ்மார்ட்போன் வாங்க அவளைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனேன்.

கைப்பைக்குள் அடங்குகிற சின்ன போன் ஒன்று அவளுக்குப் பிடித்துவிட்டது. “மேடம் கேக்குறதே சூப்பரா கீது சார்” என்றார் கடைக்காரர். “பெருசுலதான் மேப் நல்லாத் தெரியும்” என்று நான் பெரியதையே வாங்கினேன்.

வீட்டில் பாடம் நடந்தது. வீடியோ காலில் முகத்தைக் காட்டச் சொன்னால் காதைக் காட்டினாள். எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றைத் தவிர. அவள் குளிக்கப் போன நேரத்தில், அவள் போன் இருக்கும் இடம் என் போன் மேப்பில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்துவைத்தேன். பாதுகாப்புக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாத்ரூம் கதவு திறந்ததும் திருடன்போலப் போனைக் கீழே வைத்தேன்.

மதுரையில் அந்த நீலப் புள்ளி கோயில் வாசலுக்குப் போய் நின்றது. அப்புறம் அசையவே இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று மறுபடி மறுபடி அடித்தேன். கோயிலுக்குள் போனை விடமாட்டார்கள், வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். “எதுக்குங்க இத்தனை தடவை அடிச்சீங்க?”

“வாசல்லயே அவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.



“போன்தாங்க வாசல்ல இருந்துச்சு. நான் உள்ள இருந்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை. ஊர் திரும்பியும் திட்டவில்லை. மேப்பில் காட்டுகிற அந்த ஏற்பாட்டை எடுத்துவிடுகிறேன் என்றதற்கு, “இருக்கட்டும், உங்களுக்கு நிம்மதியா இருக்குமில்ல” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குறுகிப்போனேன்.

இப்போது சில மாலைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கிளம்புகிறாள். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. வாசலில் நின்று, “பத்திரமா வச்சிருங்க” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். என் மேப்பைத் திறந்து பார்த்தால், அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.