பிரேக் போனதாக நான் சொன்ன மூன்று நாள்

ஜீப் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் ஆயில் ஒழுகுகிறது, வண்டியை எடுத்தால் மலையில் உருண்டுவிடும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். ஏன் சொன்னேன் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு ஊர் கோயமுத்தூர் எல்லையில் வேலந்தாவளம் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. மாட்டுச் சந்தைக்கு வந்த லாரியில் கிளீனராக ஏறினேன். அந்த லாரிக்காரருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது, வளைவு வந்தால் நான்தான் சொல்ல வேண்டும். அதை விடுங்கள். கடைசியில் குமுளியில் ஒரு துரை பங்களாவில் டிரைவரானேன். அங்கே இங்கிலீஷ் காது வழியாக ஏறியது. எழுதச் சொன்னால் இன்றைக்கும் தெரியாது.

எழுபதுகளில் ஆனைக்கரை பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றுக்கு எரிக் என்று ஒரு மிஷன்காரர் வந்தார். வண்டி ஓட்டவும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்லவும் ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் நானே போனேன்.

எரிக் ஐயா

அவருக்கு இருபத்து நாலு வயது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் தேசம். நர்ஸ் வேலை படித்திருந்தார். காலையில் தகரக் கொட்டகையில் புண்ணுக்கு மருந்து வைப்பார். மதியத்துக்கு மேல் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்கு நடந்தே போவார். கால் முழுக்க அட்டைக்கடி. ஞாயிற்றுக்கிழமை ஜெபம். துணியைத் தானே துவைப்பார். லயத்துப் பெண்களுக்கு அதுதான் வேடிக்கை.

"அங்க பாருடி, தொரை அடிக்கிற அடியில துணி கிழியுதோ இல்லையோ, கல்லு ஒடஞ்சிரும்" என்பார்கள்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான். அதனால் எங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது. "ஏனுங்க, காய்ச்சலுங்களா?" என்று கேட்பார். லயத்தில் இருந்தவர்களோ திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து வம்சம். "தொரை, நீங்க கோயமுத்தூர்லயா பொறந்தீய?" என்று சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்காது. பாதி நாள் அவருக்கு எதுவுமே விளங்காது. என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சுருக்கமாக ஏதாவது சொல்லிவைப்பேன்.

காப்புக் கட்டு

பங்குனியில் லயத்து மாரியம்மனுக்குத் திருவிழா. முதல் நாள் நேர்ச்சைக்காரர்கள் கையில் பூசாரி மாடசாமி மஞ்சள் நூலில் காப்புக் கட்டினார். எரிக் ஐயாவும் வேடிக்கை பார்க்க நின்றார். பூசாரிக்கு அதில் பெரிய சந்தோஷம்.

"தொரைக்கும் கட்டிருவமா? கேட்டுச் சொல்லுய்யா."

ஐயா என்னிடம், இது என்ன என்று கேட்டார். காப்புக் கட்டினால் ஏழு நாள் விரதம் இருக்க வேண்டும், காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அவர் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பார். எனக்கோ நல்ல பசி. "ரெஸ்பெக்ட்" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். மரியாதை என்றதும் அவர் சந்தோஷமாகக் கையை நீட்டினார்.

அடுத்து பூசாரி என் பக்கம் வந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாமுங்க. டீசலுக்குக் குமுளி போகோணும்."

பாருங்கள், எனக்கு மட்டும் அர்த்தம் தெரிந்திருந்தது.

மறுநாள் ஐயா தபால் எடுக்கக் குமுளி போகலாம் என்றார். காப்புக் கையோடு எல்லை தாண்டினால் லயமே திரண்டு வரும். அப்போதுதான் பிரேக் போனது. விரதம் கெடக் கூடாதே என்று, முட்டையும் எங்கேயும் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

செல்வராணி

நாலாம் நாள் காலை. இரண்டாம் லயத்தில் செல்வராணி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளே வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. ஐயா போய்ப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார். சொன்னவர் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கேட்டுவர ஓர் ஆளை ஓடவிட்டார். நம் வண்டிதான் ஓடாதே!

நான் துணியை வைத்துக்கொண்டு ஜீப்பைத் துடைத்தபடி நின்றேன். லயத்துக்குள்ளே அந்தப் பெண் கத்துவது அங்கே வரை கேட்கிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

"ஐயா, வண்டி ஓடுமுங்க" என்றேன்.

"எப்போங்க சரி பண்ணுச்சு?"

"கெடவே இல்லீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. பாயோடு அவளைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தோம். நரம்பில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயா பின்னால் ஏறினார். ஓடைப் பாலத்துக்கு வந்தோம், அதுதான் எல்லை. அங்கே செல்வராணியின் மாமியார் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"தொரை எறங்கட்டும். காப்புக் கையோட அவரு எல்லை தாண்டுனா ஆத்தா கோவம் என் பேரப்பிள்ள மேலல்லா எறங்கும்! நீ மட்டும் ஓட்டிட்டுப் போ."

அவர் இல்லாமல் நான் எப்படிப் போவேன்? வழியில் ரத்தப்போக்கு வந்தால் எனக்கு என்ன தெரியும்? என்ன சொல்கிறார்கள் என்று ஐயா கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் தன் மணிக்கட்டை அப்போதுதான் முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தார். கத்தரிக்கோல் பெட்டியில் இருந்தது. எடுக்கவில்லை. இறங்கவும் இல்லை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாத முகம்.

அதற்குள் பூசாரி ஓடிவந்தார். விஷயம் கேட்டதும் நேராக என்னிடம்தான் திரும்பினார்.

"தொரைட்ட என்னன்னு சொல்லிக் கட்ட வச்ச?"

"மரியாதைன்னு சொன்னனுங்க."

"எல்லை தாண்டப்படாதுன்னு சொன்னியா?"

"இல்லீங்க."

"வெரதம்?"

"இல்லீங்க."

"அட மூதேவி! தெரியாத மனுசன் கையில கட்டுனா அது காப்பா? வெறும் மஞ்ச நூலுய்யா." அவரே அவிழ்த்தார். "ஏ ஆச்சி, தள்ளி நில்லு. ஆத்தா இவரக் கேக்க மாட்டா. இந்தப் பயலத்தான் கேப்பா. போலே, வண்டிய எடு!"

குமுளி மலைப்பாதையில் அன்றைக்கு ஓட்டியதுபோல் நான் அதற்கு முன்னும் ஓட்டவில்லை, பின்னும் ஓட்டவில்லை. கம்பத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. தாய்க்கு நினைவு திரும்ப மறுநாள் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர்.

ஒன்பது பேர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐயா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. தை மாதம் ஒன்பது பேருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அதற்கு முன் ஒரு மணி நேரம் விளக்கினார். அதை நான் அவர்களுக்கு எப்படிச் சொன்னேன் என்று கேட்டார்.

"தொரை உங்களுக்காக வேண்டிக்குவாருங்க, தலையில தண்ணி ஊத்துவாருங்க, பயப்படாதீங்கன்னு சொன்னனுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்னையே கூட்டிக்கொண்டு அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் போனார். முழுசாகச் சொல்ல வைத்தார். ஞானஸ்நானம் எடுத்தால் காப்புக் கட்டக் கூடாது, தீச்சட்டி எடுக்கக் கூடாது, எல்லாமும். மூன்று பேர், அப்படியே வேதத்தில் இருக்கிறோம் என்றார்கள். ஆறு பேர், "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்கள். ஐயா அந்த ஆறு பேர் பெயரையும் ஞானஸ்நான நோட்டிலிருந்து தானே அடித்துவிட்டு, மிஷன் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து காரமாகப் பதில் வந்தது. தான் செய்தது சரியா தப்பா என்று ஊருக்குத் திரும்பும் வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசுகிறவன் எதையும் குறுக்கக் கூடாது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முடிவு செய்வது அவன் வேலை இல்லை. ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் அந்த வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லி எழுத வைக்கிறேன்.

அந்த ஆறு பேரில் ஒரு கிழவி, "அப்ப ஊத்துன தண்ணிக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐயாவிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்து, நீளமாகப் பதில் சொன்னார். முழுவதையும் சொன்னேன். விளங்கியதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.