எபனேசர் ஐயாவின் செக்கிங்

மில் கேட்டில் காவலுக்கு நின்று, வீட்டுக்குப் போகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தே ரிடையரானவர் எபனேசர் ஐயா. மர்பி டவுனில் எங்கள் சர்ச்சுக்குச் செயலாளராக வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பாடகர் குழுவில் யாராவது இருமினால்கூட அருகில் வந்து முகர்ந்து பார்ப்பார். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்று நாலாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் என் கிதார் பையிலிருந்து ஒரு கேசட்டைப் பிடித்தார். பழைய அமெரிக்க இசைத்தட்டுகளிலிருந்து பதிந்தது. கண் தெரியாத கறுப்பினப் பாடகர் ஒருவர், கம்பிகளின் மேல் பேனாக்கத்தியை வழுக்கவிட்டு ஆண்டவரைப் பாடுவார். பல இடங்களில் வார்த்தையே இருக்காது, முனகல்தான். அதைக் கேட்டுத்தான் நான் கிதாரையே தொட்டேன்.

ஐயா சர்ச் டேப்பில் போட்டுக் கேட்டார். கம்பியில் வழுக்குவது கத்தி என்று நானே உளறிவிட்டேன்.

“என்னாப்பா தியோடர், குடிச்சிட்டு அழற மாதிரி இருக்குது? கையில கத்தி வேறயா?”

“ஜெபம்தான் ஐயா.”

“இயேசு பேரே வரலையே. செக் பண்ணிட்டுத் தரேன்.”

பல ஞாயிறுகள் போயின. கேசட்டைப் பாஸ்டரிடம் காட்டி என்னைக் குழுவிலிருந்து தூக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாட்டை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். கடைசிச் சரணத்தில் வார்த்தைகளை விட்டுவிட்டு, கண்ணை மூடி, அடித்தொண்டையில் முனகினார். சபையார் தொண்டைக்கட்டு என்று நினைத்தார்கள். அது யாருடைய முனகல் என்று எனக்குத் தெரியாதா?

வாசலில் மடக்கினேன். “ஐயா, என் கேசட்டு?”

தன் பையை அக்குளில் இறுக்கிக்கொண்டார்.

“இன்னும் செக்கிங் முடியலப்பா.”