சரஸ்வதியிடம் நான் போட்ட சண்டை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரஸ்வதியைத் திட்டினேன். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திட்டினேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

மலேசியாவில், கூலாய் என்ற ஊரில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், டிவியில் படம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முன்பு மூலைக்கொன்றாக ஐந்து பழைய கணினிகள் இருந்தன. நான்தான் டாக்டரிடம் பேசிப் பேசி, ஒரே ஒரு பெரிய சர்வர் வாங்கவைத்தேன். ஐந்தும் இப்போது அந்த இரும்புப் பெட்டிக்குள் உடம்பில்லாத மெய்நிகர்க் கணினிகளாகக் குடியிருக்கின்றன. "கூட்டுக் குடும்பம் மாதிரி, டாக்டர்" என்று பெருமையடித்துக்கொண்டேன். நோயாளிகளின் எடை, உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய நீரின் அளவு, மருந்துக் கணக்கு எல்லாம் அதற்குள்தான்.

போன ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிலையத்துக்கும் விடுமுறை. தலைமைத் தாதி புஷ்பா மாலையும் சுண்டலும் கொண்டுவந்தார். ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா? சர்வரை முறைப்படி நிறுத்தினேன். குங்குமத்தைக் குழைத்துப் பக்தியோடு ஒரு பொட்டு வைத்தேன்.

"அண்ணே, முதுகுல பொட்டு வைக்கிறீங்க. மூஞ்சி அந்தப் பக்கம்லா" என்றார் புஷ்பா.

இருபது வருட அனுபவம் எனக்கு. கேபிள்களைப் பிடுங்கி, பெட்டியைத் திருப்பி, முகத்திலும் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டேன். திங்கட்கிழமை காலையில் திரும்பவும் பழையபடி வைத்து, கேபிள்களைச் செருகி இயக்கினேன். பச்சை விளக்குகள் எரிந்தன. ஆனால் தாதிகளின் மேசையிலிருந்து ஒரு நோயாளியின் பதிவைக்கூடத் திறக்க முடியவில்லை.

சர்வர் எழும்பும்போது ஒரு அப்டேட் தானாக ஏறியிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அதன் மேல் பாய்ந்தேன். உள்ளே ஐந்து மெய்நிகர்க் கணினிகளும் ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்தன. வெளியுலகத்தோடு மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவற்றின் நெட்வொர்க் கார்டு மெய்நிகர், அவற்றை இணைக்கும் சுவிட்சும் மெய்நிகர். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக உருவாக்கினேன். முகவரிகளை மாற்றினேன். பாதுகாப்புச் சுவரை அணைத்துப் பார்த்தேன். திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கோபத்தில் படிக்காமலே மூடினேன். ஒரு முறை அல்ல, வந்தபோதெல்லாம்.

சர்வர் விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

"சார், ரீஸ்டார்ட் பண்ணி பாத்தீங்களா?"

"தம்பி, முழுசா ஒரு நாள் லீவே குடுத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று தாதிகள் நினைவிலிருந்தும் கைக்குறிப்புகளிலிருந்தும் சமாளித்தார்கள். நீர் நீங்கியபின் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய எடை தெரியாததால் பயந்து பயந்து எல்லோருக்கும் நீரைக் குறைவாகவே எடுத்தார்கள். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வேனில் வரும் அன்னம்மா அக்கா, அடுத்த முறை புதன்கிழமைதான் என்றாலும், செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"கம்பியூட்டரு வரலன்னா எனக்குத் தண்ணி எறங்காதா, தம்பி?"

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன்.

டாக்டர் சீனர், அதிகம் பேசமாட்டார். அக்காவை உடனே ஜொகூர் பாருவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். "கோபி, பிலா சியாப்?" எப்போது முடியும் என்று மலாயில் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். "ஐந்து மணிக்குள் வராவிட்டால் நாளை வர வேண்டிய பதினாறு பேரையும் வேறு இடம் தேடச் சொல்வேன். குத்துமதிப்பாக யாருக்கும் ஊசி போடமாட்டேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நான்கு மணிக்கு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பொட்டு வச்சேன். மாலை போட்டேன். சுண்டல்கூட ரெண்டு கிண்ணம் வச்சேன். அதுக்கு இதுதான் கூலியா? படிப்புக்குத் தெய்வமாம். உனக்கு எவன் படிப்பு சொல்லிக் குடுத்தான்?" இன்னும் மோசமாகவும் சொன்னேன், இங்கே எழுத முடியாது. திட்டத் திட்ட அக்காவின் கால்கள்தான் கண்முன் நின்றன. "எனக்கு ஒண்ணும் வேணாம், தாயே. என் வேலை போனாலும் போவட்டும். அந்தப் பதினாறு பேரு என்ன பாவம் செஞ்சாங்க?" என்று அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆள், ஏசிக் காற்றில் மூக்கைச் சிந்திக்கொண்டு.

அழுகை நின்றதும் திரும்பவும் கோபம் வந்தது. உனக்கு எதற்குப் பொட்டு என்று ஈரத்துணியை எடுத்தேன். கைக்கு எட்டியது முதுகில் தவறாக வைத்த பொட்டுத்தான். அதைத் துடைக்கக் குனிந்தேன்.

பெட்டியின் முதுகில் வரிசையாக நான்கு கேபிள் துளைகள். முதல் துளையின் விளிம்பில் குங்குமம் அப்பியிருந்தது. இரண்டாவதிலும் அப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குங்குமக் கையோடு கேபிளைப் பிடுங்கியவன் நான்தான். மூன்றாவதும் நான்காவதும் சுத்தமாக இருந்தன.

இரண்டாவது துளை காலியாக இருந்தது. குங்குமம் பட்ட கேபிள் மூன்றாவதில் செருகியிருந்தது.

முதல் துளை நான் சர்வரைக் கவனிக்க மட்டும். மெய்நிகர்க் கணினிகள் வெளியே வர நான் அமைத்து வைத்திருந்த ஒரே வழி அந்த இரண்டாவது துளை. இல்லாத கம்பிகளையெல்லாம் இரண்டு நாள் சோதித்த நான், இருக்கிற ஒரே கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு எச்சரிக்கையும் இதையேதான் சொல்லியிருக்கிறது. பிறகு படித்தேன்.

கேபிளை மாற்றிச் செருகினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே ஒரு தாதி, "அண்ணே, வந்திருச்சி" என்றாள். அக்கா சிகிச்சை முடிந்து நலமாக இருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து அன்று மாலையே செய்தி வந்தது. மறுநாள் பதினாறு பேரும் வழக்கம்போல வந்து போனார்கள்.

தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். துடைக்கப் போன கையைப் பிடித்து அவள் இடத்தைக் காட்டினாள் என்றுதான் நான் நம்புகிறேன். அவள் மேல் இருந்த கோபம் அன்றே தீர்ந்தது. என் மேல் உள்ளது தீரவில்லை, தீரவும் வேண்டாம். இப்போது ஒவ்வொரு கேபிளிலும் எண் ஒட்டியிருக்கிறேன். எச்சரிக்கை வந்தால் முழுக்கப் படிக்கிறேன். அன்பர்களே, கோபம் வந்தால் அவளிடமே போய்க் கொட்டுங்கள். அவள் தாங்குவாள். ஆனால் கொட்டி முடித்தபின் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள்.

அன்று மாலை புஷ்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்க, "அடுத்த வருசமும் பூசைய இதே மாதிரி சிறப்பா செய்யணும், சிஸ்டர்" என்றேன்.

அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செய்வோம், நீங்க எதையும் தொடாதீங்க."